பென்சிலில் எழுதிய இரண்டு வரிகள்

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனதிலிருந்து இங்கே நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

நீ அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹேங்கரில், விமானங்களுக்கு நடுவில், எல்லா மெக்கானிக்குகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாய் என்பது மட்டும் தெரியும். நான் பள்ளியிலிருந்து வந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது. "அவ பேச்சை இந்த வீட்ல எடுக்காதே" என்றார் அப்பா. "ரெண்டு பேருக்கும் ஒரே நாக்கு. ஒரு வாய்க்குள்ள ரெண்டு நாக்கு இருந்தா கடிபடத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

விமானக் கண்காட்சி இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு. மந்திரி வருகிறார். ஐந்து ஜெட் விமானங்களின் ஐவர் குழு தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை பார்க்கிறது. அந்தச் சத்தத்தில் வகுப்பு ஜன்னல்கள் எல்லாம் நடுங்குகின்றன. வேதியியல் ஆசிரியை சாக்பீஸைக் காற்றில் பிடித்தபடியே நிற்கிறார். சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறார்.

ஆனால் சுவரொட்டியில் நடுவில் இருப்பது ஜெட் இல்லை, நம் கிழவிதான். மரமும் துணியுமாக எண்பது வருடத்துக்கு முன் செய்த இரட்டை இறக்கை விமானத்தைக் கரணம் அடிக்க வைக்க அம்மாவை விட்டால் ஆள் இல்லையாம். பின் இருக்கையில் அம்மா ஓட்டுவாள். முன் இருக்கையில் அப்பா. 'பறக்கத் தகுதியானது' என்று லாக் புத்தகத்தில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவரே முன் இருக்கையில் ஏற வேண்டும் என்பது நம் பழைய விமானப் பிரிவின் வழக்கம். இது உனக்குத் தெரியும். இருந்தாலும் எதையும் விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது! கிழவியின் பழைய லாக் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைக்கப்போகிறார்கள். அதனால் அதிலுள்ளதைப் புதிய புத்தகத்தில் அழகாகப் பார்த்து எழுத வேண்டும். "இவ எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று அப்பாதான் விமானத் தளத்தின் கமாண்டரிடம் சொன்னாராம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். "மையில இருக்கறத மட்டும் எழுது. பென்சில் கிறுக்கலெல்லாம் வேண்டாம்" என்றார்.

இன்னொரு செய்தி. அம்மா இப்போதெல்லாம் காலையில் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கிறாள். அப்பா காபி குடித்துக்கொண்டே கேட்கிறார். முன்பெல்லாம் அவள் தலைப்பைக்கூடப் பார்த்ததில்லை.

உன் தங்கை,
பூச்சி


மார்ச் 7

பூச்சிக்கு,

கடிதம் வந்தது. பத்திரிகை நிருபர் தோற்றுப்போவார்.

எனக்கு வேலை பரவாயில்லை. சரக்கு விமானங்கள். பெட்டி பெட்டியாக ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். எதற்கும் பெயர் கிடையாது, கிழவி என்றோ குமரி என்றோ யாரும் கூப்பிடுவதில்லை. டயர் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். காலையில் ரப்பர் நாற்றத்தில்தான் விழிப்பு வருகிறது.

அப்பாவைப் பற்றி எழுதாதே. அவர் காபி குடிப்பதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? என்னை வாசலைக் காட்டி அனுப்பியவர் அவர். அவராக எழுதட்டும்.

கிழவியைப் பற்றி எழுது. இடது பக்கக் கீழ் இறக்கையைப் பிரித்துப் பார்த்தார்களா? கிளம்புவதற்கு முன் அதைப் பற்றி லாக் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அதன் கீழே அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துச் சொல். அவ்வளவுதான்.

அம்மாவை நன்றாகத் தூங்கச் சொல்.

அக்கா


மார்ச் 11, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் முடிந்தது! மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு அடித்தல் கிடையாது. கமாண்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பிடலாம் போலிருக்கே" என்றார். கிளார்க்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், பாவம். பழைய புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் பக்கம் தெரியும்படி வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி கமாண்டர் அலுவலகத்தில் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: உன் கையெழுத்தைப் பார்த்தேன். இறக்கைகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில், எண்பத்தேழாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள். நீ சுழித்துப் போடும் 'இ'யைப் பார்த்ததும் நீதான் என்று தெரிந்து சிரித்துக்கொண்டேன். ஆனால் அவை பென்சிலில் இருந்தன. அதனால் புதிய புத்தகத்தில் எழுதவில்லை. அதன் கீழே அப்பா எதுவும் எழுதியிருக்கவில்லை. இறக்கையைப் பிரித்ததாகவும் எங்கும் இல்லை. அந்த வரிகளை நான் முழுதாகப் படிக்கவும் இல்லை. அன்று இன்னும் இருபத்தைந்து பக்கம் பாக்கி இருந்தது.

புதிய புத்தகத்தில் அப்பா கையெழுத்துப் போட்டபோது நானும் இருந்தேன். "எங்க போடணுமோ அங்க உன் விரலை வை" என்றார். வைத்தேன். என் விரல் நகத்தை உரசியபடி போட்டார். இவ்வளவு பெரிய வேலையில் எனக்கும் பங்கு கொடுக்கிறாரே என்று பெருமையாக இருந்தது.

இதுவரை மூன்று ஒத்திகை. நேற்றைய மழைக்குப் பிறகு இடது கீழ் இறக்கையின் துணியில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. பொத்தான் அளவுதான். "மந்திரி கண்ணுல படக்கூடாது" என்று பெயிண்டர் ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிட்டார். இன்று இறங்கியதும் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்த இறக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இவ இன்னிக்கும் இடது பக்கமே சாயறா" என்றாள். "வயசானா எல்லாரும் ஒரு பக்கம் சாயறதுதான்" என்றார் அப்பா. "யாரைச் சொல்றீங்க?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பியை அப்பா முறுக்கிச் சரிசெய்தார். ஒரே வாரத்தில் அந்தக் கம்பியை முறுக்குவது இது மூன்றாவது முறை. எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

முறுக்கும்போது, "அளவு எவ்வளவு காட்டுது, சத்தமா படி" என்று என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.

பூச்சி


மார்ச் 15

பூச்சி,

இதை நின்றபடி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

பயிற்சியில் இருப்பவர்கள் அந்தப் புத்தகத்தில் பென்சிலில்தான் எழுத வேண்டும். அது கிறுக்கல் இல்லை, விதி. தலைமை மெக்கானிக் அதைப் படித்துப் பார்த்து, சரி என்றால் மேலேயே மையில் எழுதுவார். தப்பு என்றால் அழிப்பார். இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். அப்பா இரண்டையும் செய்யவில்லை. முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு வரியைக்கூட விட்டவரில்லை.

அந்த இரண்டு வரிகள் இவைதான்: 'இடது கீழ் இறக்கை, மூன்றாவது விலாவுக்குப் பக்கத்தில் தட்டினால் சத்தம் அமுங்குகிறது. தண்ணீர் வடியும் துளை பெயிண்டில் அடைபட்டிருக்கிறது. உள்ளே கட்டை ஊறியிருக்கலாம், பிரித்துப் பார்க்கும்வரை பறக்கக் கூடாது.'

விலாக்களை, அதாவது குறுக்குச் சட்டங்களை, கோத்தபடி இறக்கைக்குள் நீளமாக ஓடும் அந்தக் கட்டைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. நேராகப் பறக்கும்போது தாங்கிவிடலாம். கரணம் அடித்து மேலே திரும்பும்போது பாரம் நாலு மடங்கு. அது முறிந்தால் கீழே வந்து சேர எட்டு விநாடி ஆகும். பாரசூட்டுக்குக்கூட உயரம் போதாது.

அன்று நான் என்ன சொன்னேன் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே. கேள். இறக்கை விஷயத்தை அவர் காதோடு சொல்லத்தான் போனேன். அவர் ஒரு அளவுமானியைத் தப்பாகப் படித்ததைப் பார்த்தேன். ஐந்தை எட்டு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குக் கண்ணு தெரியலப்பா, எதுக்கு இந்த நடிப்பு?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். இறக்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எழுதித்தான் வைத்திருக்கிறோமே, படிப்பார் என்று நினைத்தேன். சொன்ன விஷயம் தப்பில்லை. சொன்ன விதம் தப்பு. அது எனக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே தெரியும்.

இன்றே அப்பாவுக்குத் தந்தி கொடுக்கிறேன். குடியிருப்புக்குத் தொலைபேசியில் பேசப் பார்த்தேன். கண்காட்சி முடியும்வரை வெளி இணைப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நீ அம்மாவிடம் சொல். அவள் சிரித்து மழுப்பினால் விடாதே.

அக்கா


மார்ச் 19, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே வரவில்லை. நான் பென்சில் வரிகளை விட்டது தப்பா? அதனால் கோபமா? வாயில் காவலரிடம் கேட்டேன். "எல்லாத் தபாலையும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்னு உத்தரவு, பாப்பா. மூட்டை மூட்டையா கெடக்கு" என்றார்.

ஆனால் உன் தந்தி வந்தது. அது அலுவலகம் வழியாக வந்ததால் தப்பித்தது. நேற்று மாலை அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அக்கா என்னப்பா எழுதியிருக்கா?"

"வழக்கமானதுதான்."

"திரும்பி வராளா?"

"அவ சண்டையை முடிக்கட்டும் முதல்ல. படிக்கிற வேலையைப் பாரு."

உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். நான் 'குடுங்கப்பா, நான் படிக்கிறேன்' என்று கையை நீட்டினேன். அவர் பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் நோட்டை மறைப்பார்களே, அப்படி இருந்தது.

ஐந்து ஒத்திகை முடிந்தது. நாளை மறுநாள் ஆறாவது. அம்மா புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள்: தலைகீழாகப் பத்து விநாடி. கமாண்டர்தான் கேட்டாராம். அப்பாவின் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் வானத்திலிருந்து விழுந்து புல்லில் நட்டுக்கொண்டது. "இவரையும் தலைகீழாக்கி உதறினாத்தான் வீட்ல தொலைஞ்சதெல்லாம் கெடைக்கும்" என்றாள் அம்மா. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இறங்கியதும் அவள் கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். இடது பக்கம் சாயாமல் பிடித்துப் பிடித்து உரிந்ததாம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். உன்னிடம் சொல்வது அதில் சேராது என்று நினைக்கிறேன்.

துணியில் அந்தக் கறை பெயிண்டைத் தாண்டி மறுபடியும் வந்துவிட்டது. இப்போது உள்ளங்கை அளவு.

பூச்சி


மார்ச் 20

பூச்சி,

உன் 11ஆம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. தந்திக்குப் பதில் இல்லை. கமாண்டர் அலுவலகத்துக்கு இன்னொரு தந்தி கொடுத்தேன். 'தலைமை மெக்கானிக் கையெழுத்திட்டிருக்கிறார், சந்தேகத்துக்கு இடமில்லை' என்று பதில் வந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. யாரும் நடந்துபோய் இறக்கையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

லீவு கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்தால்தான் விடுவார்களாம். சனிக்கிழமை ரயில். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குத்தான் வந்து சேரும். பத்து மணிக்கு நான் ஏதோ ஒரு பாலத்தின் மேல் இருப்பேன்.

அவர் பென்சில் எழுத்தை ஏன் விட்டார் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். என் மேல் இருந்த கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது.

அவரை ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொல். கட்டைச் சுத்தியால், மூன்றாவது விலாவில். அவர் காது இன்னும் பழுதில்லை.

அக்கா


மார்ச் 23, சனி மாலை, ஹேங்கரிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இன்று நான்கு மணிக்கு ஒன்றாகக் கிடைத்தன. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். சொன்னபடி நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஓடினேன்.

முதலில் அம்மாவிடம்தான் போனேன். விமானிகள் கூட்டம் நடக்கும் அறைக்குள் விட மறுத்துவிட்டார்கள். ஏழு மணிக்குத்தான் முடியுமாம். "அம்மாவுக்கு ஆபத்து" என்றேன். "எல்லா வருஷமும் எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்லுது" என்றார் வாசலில் நின்றவர்.

ஹேங்கரில் அப்பா மட்டும் இருந்தார். மற்றவர்கள் நாற்காலி போடப் போய்விட்டார்கள். கிழவியின் எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் உன் இரண்டு வரிகளையும் படித்தேன். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"எங்க எழுதியிருக்கு இது?"

"எண்பத்தேழாம் பக்கம். பழைய புத்தகத்துல. பென்சில்ல."

துடைத்த துணியைக் கீழே வைத்தார். பிறகு தந்தியை எடுத்து என்னிடம் கொடுத்தார். வியர்வையில் ஊறி மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "படி" என்றார். '87ஆம் பக்கம் பாருங்கள். இடது கீழ் இறக்கை. பறக்காதீர்கள்.' அவ்வளவுதான் இருந்தது. சண்டை ஒரு வார்த்தைகூட இல்லை.

"மை எழுத்து கொஞ்சம் தெரியும். பென்சில் எழுத்து ஒரு வருஷமா எனக்கு வெறும் காகிதம்மா" என்றார். "அவ எழுதினதே எனக்குத் தெரியாது."

அக்கா, அதனால்தான் அவர் மையில் எழுதவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அதனால்தான் என்னையும் பென்சிலை விடச் சொன்னார். நானோ நல்ல கண்ணை வைத்துக்கொண்டு விட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"செய்தித்தாள் யார் படிக்கிறா? அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். இந்த ஒரு கண்காட்சி முடியட்டும்னு நான்தான் சொன்னேன்."

கட்டைச் சுத்தியை எடுத்தார். முதல் விலா. இரண்டாவது விலா. இரண்டிலும் பள்ளி மேஜையைத் தட்டுவது போலக் கணீரென்று கேட்டது. மூன்றாவதில் தலையணையைத் தட்டியது போல இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே சத்தம்.

நான் கமாண்டரிடம் ஓடுவதாகச் சொன்னேன். "வேண்டாம். காகிதத்துல எழுதிக் குடுத்தா இன்னொருத்தன்கிட்ட கையெழுத்து வாங்கிடுவார். மந்திரி வரார், சுவரொட்டி ஒட்டியாச்சு" என்றார். "கிழிஞ்ச இறக்கைக்கு எவன் கையெழுத்துப் போடுவான், பார்க்கலாம்."

பிறகு கத்தியை எடுத்து, தானே இழுத்துக் கட்டி, தானே தைத்த துணியை ஒரே இழுப்பில் கிழித்தார். எண்பது வருடக் கிழவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உள்ள என்ன தெரியுது? பயப்படாம உள்ளதைச் சொல்லு."

நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈர நாற்றம். கட்டை கறுத்து, ஊறவைத்த பிஸ்கட் போல உப்பியிருந்தது. "பென்சில் இருக்கா? குத்திப் பாரு" என்றார். குத்தினேன். கட்டை மரம் போலத் தடுக்கவே இல்லை. பாதிப் பென்சில் உள்ளே போய்விட்டது. அப்பா என் கையைத் தடவி, விரலில் மிச்சம் எவ்வளவு பென்சில் இருக்கிறது என்று அளந்து பார்த்தார்.

"ஆறு தடவை" என்றார். ஒத்திகையைச் சொன்னார். "தலைகீழா வேற." அப்படியே கிழவியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

புதிய புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். உன் இரண்டு வரிகளையும் நான் மையில் எழுதினேன். கீழே உன் பெயரையும் தேதியையும் போடச் சொன்னார். தன் கையெழுத்தை அவரே அடித்தார். நான் விரலை வைக்க வேண்டியிருந்தது. புத்தகம் இப்போது என் பள்ளிப் பைக்குள் இருக்கிறது. நான் பையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துணி கிழியும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த காவலர் உள்ளே பார்த்துவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினார். சற்று முன் கமாண்டரின் ஜீப் வந்து வெளியே நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. பெயிண்டரின் குரல் கேட்கிறது. "விடியறதுக்குள்ள காய்ஞ்சிடும் சார்" என்கிறார். கிழிசலை ஒட்டி மேலே பூசப்போகும் பூச்சைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்து, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, வலது இறக்கைக்குப் போய்த் தட்டத் தொடங்கிவிட்டார்.

"அது நல்லாத்தானே இருக்குப்பா?"

"தெரியல. இதைப் பத்தி எவளும் எனக்கு எழுதி வைக்கலையே" என்றார். அவர் உன்னைப் பற்றிப் பேசியது நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

அம்மா இன்னும் வரவில்லை. நீ இப்போது ரயிலில் இருப்பாய். இதை எப்படி உன்னிடம் சேர்ப்பேன் என்று தெரியவில்லை; நாளை மதியம் ரயிலடிக்கு நானே கொண்டு வருவேன். யார் யாரோடு வருவேன் என்று மட்டும் இப்போது எழுத முடியவில்லை.

ஹேங்கர் விளக்குகளை எப்போதும் ஏழு மணிக்குத்தான் அணைப்பார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு நாற்பத்தெட்டு. அப்பா முதல் விலாவைத் தட்டினார், கணீரென்றது. இரண்டாவதைத் தட்டச் சுத்தியை ஓங்கினார்.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னித்துவிடு. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அப்பா தட்டுவதை நிறுத்தவில்லை.